காருக்கு ஊற்றுகிற ஆயில்

விலை குறைந்த எதையும் என் அப்பா நம்பியதில்லை. ஆரணியில் பட்டு நெய்கிற ஒருவரிடம் போய், "விலை கம்மிதான், ஆனா சரக்கு நல்லது" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். என் அப்பா தனகோடி அதோடு நிற்க மாட்டார், திட்டுவார். "மட்ட ஜரிகை கடையில மின்னும். மூணு வாட்டி கட்டினா பல்லை இளிச்சிடும்" என்பார். தறியில் அது உண்மைதான். அந்த உண்மையை அவர் தறியோடு விட்டிருக்கலாம். மோட்டார் சைக்கிள் வரைக்கும் கொண்டுபோனார் பாருங்கள், அங்கேதான் என் குடி முழுகியது.

இரண்டாயிரத்து மூன்று வைகாசியில் எனக்கும் உதயாவுக்கும் கல்யாணம். அவர் செய்யார் பக்கம். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பா மாப்பிள்ளைக்குச் சீராக ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் பைக் வாங்கிக் கொடுத்தார். வண்டி என்னவோ புதுசு, ஓட்டுகிறவர்தான் பயந்தாங்கொள்ளி. எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறக்கி நிறுத்திவிடுவார். மாட்டு வண்டிக்குப் பின்னால் அதே வேகத்தில் ஊர்ந்துகொண்டு வருவார்.

"இறங்கி நடந்தா ஜல்தி போயிடலாம்" என்று பின்னால் உட்கார்ந்து கிண்டல் பண்ணுவேன்.

"நடந்து போனா இப்படி என் இடுப்பைப் பிடிச்சிகினு வருவியா?" என்பார். வெட்கம் கெட்ட மனுஷன். ரோட்டில் போகிறவர்கள் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார்.

ஆடி பிறந்ததும் அப்பா வந்து என்னை அழைத்துப் போனார். புதுப்பெண் ஆடியில் புருஷனோடு இருக்கக் கூடாது. மாப்பிள்ளையை மட்டும் ஒருநாள் விருந்துக்குக் கூப்பிட்டு, துணிமணி வைத்துக் கொடுத்து, தனியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். எவன் கண்டுபிடித்த வழக்கமோ, அவன் தலையில் இடி விழ.

விருந்தன்றைக்கு உதயா சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார். "வண்டிக்கு ஆயில் மாத்தணும் மாமா. போற வழியில மாத்திகினு போயிடறேன்."

"இன்னாது, வழியிலயா? என் மாப்ள வண்டிக்கு ரோட்டோரத்து ஆயிலா?" என்று அப்பா எழுந்துவிட்டார். சாப்பிட்ட கை காயவில்லை. அப்பாவுக்குத் தறி வேலை கொடுக்கிற முதலாளி வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது முதலாளியின் கார் டிரைவரும் கூட வந்தார். அப்பா கையில் ஒரு டப்பா. குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"முதலாளி காருக்கு ஊத்தற ஆயிலு. வேலூர்ல இருந்து வருது. பாருங்க மாப்ள, தேன் மாதிரி இருக்குது."

"பைக்குக்குன்னு தனியா விக்கறாங்களே மாமா?" என்று உதயா மெதுவாகக் கேட்டார்.

"அது பைக்குக்கு. இது காருக்கே ஊத்தறது!" என்றார் அப்பா. அதற்கு மேல் எந்த மாப்பிள்ளை பேசுவான்? உதயா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டிரைவர் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினார். அப்பா பக்கத்திலேயே குந்தி, ஒரு சொட்டு கீழே போகாமல் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை வராது.

அடுத்த வாரம் எதிர் வீட்டு போனுக்கு உதயா பேசினார்.

"வண்டி ஒரு மாதிரியா கீதுடி. முறுக்கினா கத்துது, ஆனா இழுக்க மாட்டேங்குது."

"அப்பா கிட்ட சொல்லட்டா?"

"ஐயோ, வேணாம். கொடுத்த சீர்ல மாப்ள நொட்டை சொல்றான்னு மனசு ஒடிஞ்சிடுவாரு. ஆவணியில உன்னக் கூட்டிகினு போக வரேன் இல்ல, அப்போ நானே மெக்கானிக் கிட்ட காட்டிக்கறேன். நான் போற வேகத்துக்கு இதுவே ஜாஸ்தி" என்று சிரித்தார்.

ஆடி கடைசி வாரத்தில், ஷிப்ட் முடிந்து வரும்போது, லோடு ஏற்றிய ஒரு டிராக்டரைத் தாண்டியிருக்கிறார். எதிரே தூரத்தில் நெல் லாரி. நிறைய இடம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனுஷன் தாண்டவே மாட்டார். பாதியில் லாரி வந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

"வண்டி கத்தின கத்து கீதே, காது கிழிஞ்சிடுச்சு. இன்னா வேகம்!" என்று ரோட்டோர டீக்கடையில் இருந்தவர்கள் சொன்னார்களாம். சாவு வீட்டில் அதுவே பேச்சு. நான் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. "மாப்ள வேகமாப் போற ஆளே இல்லியே" என்று வருகிறவர், போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்.

கார்த்திகையில் என் கொழுந்தன் தீனாவுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. வண்டியைக் கேட்டார்கள். செத்தவர் ஓட்டிய வண்டியை யாராவது கேட்பார்களா என்று நினைக்காதீர்கள். இல்லாத வீட்டில் இரும்புக்கு ஏது தீட்டு? அப்பாவும், "சீராக் கொடுத்தது கொடுத்ததுதான், புதுசாப் பண்ணித் தரேன்" என்று வாக்குக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அருணகிரி என்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவர ஒருநாள் என்னை அனுப்பினார். அருணகிரி வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"இதுல இன்னா ஆயில்மா ஊத்தினீங்க?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், காருக்கு ஊற்றுகிற உசந்த ஆயில் என்று.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காருக்கு கிளட்ச் வெளிய தனியா, காஞ்சி இருக்கும்மா. பைக்குக்கு அது ஆயிலுக்குள்ளயே ஊறிகினு இருக்கும். கார் ஆயில்ல வழவழப்புக்கு ஏதோ சேக்கறாங்க. காருக்கு அது நல்லது. இங்க பட்டுச்சுன்னா பிளேட்டு பிடிக்காது, வழுக்கும். முறுக்க முறுக்க இன்ஜின் கத்தும், சக்கரத்துக்கு சக்தி போவாது. பாரு, பிளேட்டெல்லாம் கருகிக் கெடக்குது."

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். கத்தியது வேகம் இல்லை. டிராக்டருக்குப் பக்கத்தில், லாரிக்கு எதிரே, என் உதயா போ போ என்று முறுக்கியிருக்கிறார், வண்டி போகவில்லை.

"அண்ணா, எங்க அப்பாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது."

"நல்ல மனசுலதானேமா ஊத்தினாரு."

"அதுக்குத்தான் அண்ணா சொல்றேன்."

வீடு வரைக்கும் அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். உன் வீம்பு, உன் உசத்தி, உன் முதலாளி வீட்டு டப்பா எல்லாம் நாசமாப் போக என்று. உள்ளே நுழைந்தால் தறியில் உட்கார்ந்தபடி, "சாப்பிட்டியா கண்ணு?" என்கிறார். உதயா போனதிலிருந்து அவர் பாதி ஆளாகிவிட்டிருந்தார். இது தெரிந்தால் மீதிப் பாதியும் போய்விடும். புருஷன்தான் இல்லை, அப்பாவாவது எனக்கு மிஞ்ச வேண்டாமா?

வண்டி தயாரான அன்று காலையில் தீனா வந்தான். மூன்று பேரும் அருணகிரி கடைக்குப் போனோம். "ஆயில் ஒண்ணுதான் பாக்கி" என்று அவர் பைக் ஆயிலைக் கையில் எடுத்தார். அப்பா, "இரு, இரு" என்று துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை வெளியே எடுத்தார். அதே முதலாளி வீட்டு டப்பா.

அருணகிரி என்னைப் பார்த்தார். "இது வேணாம் பெரியவரே, பைக் ஆயிலே போதும்" என்றார்.

"போதுமா? அண்ணனுக்கு உசந்தது ஊத்திட்டு, தம்பிக்கு மட்டத்த ஊத்தினா ஊரு காறித் துப்பாதா?" என்று சொல்லிக்கொண்டே அப்பா மூடியைத் திறந்துவிட்டார்.

பாய்ந்து பிடுங்கினேன். "ஊத்தாதப்பா!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "ஏன்?" என்றார் அப்பா.

"ராசியில்லாத ஆயிலு."

"நீ ராசி பாக்கற பொண்ணா?" என்றவர், என்னைப் பார்த்தார். அருணகிரியைப் பார்த்தார். அருணகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா முட்டாள் இல்லை. அங்கே கிடந்த டயர்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ப்ரியா... நான் ஊத்தினதாலயா?"

"இல்லப்பா."

"மாப்ள வேகமாப் போற ஆளே இல்லியேமா. தூக்கம் இல்லாம அதையேதான் நெனச்சிகினு கெடக்கறேன். அவரு மெதுவாப் போனாரு, வண்டியும் புதுசு. அப்புறம் எப்படிம்மா? சொல்லு, நான் ஊத்தினதாலதானே?"

அவர் முகம் எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டும். என்னிடம் இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்றைச் சொன்னால் அப்பா செத்துப் போவார்.

"உனக்குத் தெரியாதுப்பா. உன் எதிர்லதான் அவரு மெதுவா ஓட்டுவாரு. தனியாப் போனா பேய் மாதிரி போவாரு. எத்தினியோ வாட்டி சொன்னேன், சண்டை போட்டேன், கேட்டாத்தானே?"

"அண்ணி!" என்றான் தீனா. "எங்க அண்ணனா? யாரைச் சொல்றீங்க?"

"உங்க அண்ணனைத்தான். வேகம்தான் அவரைத் தின்னுச்சு."

"நாக்கு அழுகிடும் உனக்கு" என்றான். அதுவரைக்கும் என்னை அண்ணி, வாங்க, போங்க என்று மட்டுமே கூப்பிட்ட பையன். அருணகிரி அவசரமாகப் பைக் ஆயிலை ஊற்றி மூடினார். தீனா வண்டியை உதைத்துக் கிளப்பினான். அவனிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது செய்யாரிலிருந்து ஆரணிக்கு வர எத்தனை நேரம் ஆகும்? அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு செய்யார் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை, அவர்களும் என்னைக் கூப்பிடவில்லை.

"சத்தியமா?" என்று அப்பா கேட்டார்.

"அவர் மேல சத்தியம்ப்பா."

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம் அழுதார், அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தார். "அடப்பாவி மனுஷா, தங்கமா நெனச்சேனே உன்ன! அப்படி இன்னா அவசரம் உனக்கு? வீட்ல ஒருத்தி காத்துகினு இருக்கான்னு புத்தி வேணாம்? என் பொண்ணை இப்படி நிக்க வச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

அத்தனை நாளில் ஒரு தடவைகூட அப்பா உதயாவை 'நீ' என்று சொன்னதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"ஆமாப்பா, அவருக்கு எப்பவும் அவசரம்தான்" என்றேன்.