விஷம் பழகினவர்

கழுத்துப் பொத்தானை மாட்ட முடியவில்லை. வேதமணி காலரை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பிரபுதாஸின் கழுத்து இன்னும் வீங்கித்தான் இருந்தது. அசன விருந்துக்கென்று அவளே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்த சட்டை. பொத்தானை விட்டுவிட்டு, கணவரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஒத்தக் குளவிதாம்வே. டிரில் வாத்தியாரு, இரும்பு மாதிரி ஆளு," என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்குச் சோறு பொங்கும் அண்டாக்கள் வருஷத்தில் ஒரு முறைதான் ஆலயத்துப் பின்னறையிலிருந்து வெளியே வரும். நேற்று அறையைத் திறந்தபோது, கவிழ்த்து வைத்த அண்டாவுக்குள் குளவிக்கூடு. ஜெயசிங் சைக்கிளில் வந்து பிரபுதாஸைக் கூட்டிப்போனான். மகள் ஞானரத்தினத்துக்கு நிச்சயித்திருந்த பையன்.

போன வருஷம் பள்ளிக்கூட வேலியில் குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து மயங்கி விழுந்தவர் பிரபுதாஸ். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அதிலிருந்து எங்கே கூடு கட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அவருக்கு விஷம் பழகிட்டு. குளவிக்கே மச்சான்லா!" என்பார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் வேதமணிக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

நேற்று அண்டாவிலிருந்து குளவி கொட்டி விழுந்தவரைக் கொண்டுபோக, சங்கரன்கோவில் முழுக்கத் தேடியும் டாக்ஸி கிடைக்கவில்லை. குதிரை வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"விஷம் பழகாதும்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஒரு தடவை இப்படி மயங்கினவங்களுக்குத்தான் அடுத்த தடவை பயமே. வயசும் ஆச்சு, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுதாரு. ஊசி போட்டும் கேக்கல."

முதல் பஸ்சில் மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த தம்பி சத்தியநாதன் அவளருகே குனிந்தான்.

"யக்கா, அந்தப் பயல வீட்டுக்குள்ள விடாத. அவந்தான கூட்டிட்டுப் போயி அத்தானக் கொன்னான்? இந்தச் சம்பந்தமே நமக்கு வேண்டாம்."

அப்பாவின் கால்மாட்டில் விசிறிக்கொண்டிருந்த ஞானரத்தினம் நிமிரவில்லை. விசிறி மட்டும் நின்றது.

வேதமணி எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவோரம் ஜெயசிங் நேற்றைய சட்டையோடு நின்றிருந்தான்.

"அண்டாவ நிமித்துனது யாருப்பா?"

"நாந்தான் அத்தை, மாமாவக் கூப்பிட்டேன்."

"அது எனக்குத் தெரியும். நிமித்துனது யாரு?"

அசனச் சமையலுக்கு வந்திருந்த நல்லகண்ணுதான் பேசினார்.

"தம்பிதாம்மா நிமித்தப் போச்சு. டாக்டரு சொன்ன மாத்திரையெல்லாம் திங்கியள, நீங்க தள்ளி நில்லுங்க மாமான்னுச்சு. வாத்தியாரு கேக்கலியே. 'கல்யாணம் ஆகப்போற பய, மூஞ்சி வீங்கிட்டுன்னா எம்மவ என்னைய ஏசுவா. தள்ளுல மாப்ள'ன்னு பிடிச்சுத் தள்ளிட்டாரு."

கணவரின் குரலே அப்படியே காதில் விழுந்தது போலிருந்தது வேதமணிக்கு. உதடு கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

சபைப் போதகரான ஐயர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை மூடினார்கள்.

"தலமாட்டுக்கு ரெண்டு பேரு வாங்க," என்றான் சத்தியநாதன். "மவன்தான் இல்ல. ஒரு பக்கம் நான் பிடிக்கேன்."

"இன்னொரு பக்கம் மருமகன் பிடிக்கட்டும்," என்றாள் வேதமணி.

"யக்கா, இன்னும் கல்யாணமே ஆகலியே..."

"ஜெயசிங்கக் கூப்பிடு."

சத்தியநாதன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏலே, வா," என்றான்.

பாட்டு தொடங்கியது. கால்மாட்டுக்கும் இரண்டு பேர் வர, நால்வருமாகப் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். ஜெயசிங் மற்றவர்களைவிடக் குட்டை. பெட்டி அவன் பக்கம் சாய, அவன் குதிகாலை உயர்த்தி நின்றான்.

ஞானரத்தினம் எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், பெட்டிக்கும் தோளுக்கும் நடுவே செருகினாள்.

பெட்டி நேரானது.