ஏழாம் இலக்க வீட்டுக் கோப உபயம்

சிட்னியின் வெஸ்ட்மீட்டில் அக்கேஷியா கோர்ட் என்ற பன்னிரண்டு வீட்டுத் தொகுதியில், ஏழாம் இலக்க வீட்டின் கூரை விளிம்பிலிருந்து கழன்ற சாந்துக் கட்டிகள் 2019ஆம் ஆண்டு பங்குனி தொடக்கம் நிலத்தில் விழவில்லை. கழன்றன, ஒரு முழம் இறங்கின, அந்தரத்தில் நின்றுவிட்டன. முதல் வாரம் மூன்று, ஆனியில் பதினொன்று, அடுத்த கோடைக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். காற்றடித்தால் சற்று ஆடின, மழை பெய்தால் நனைந்தன. மைனாக்கள் சில நாள் சந்தேகப்பட்டுவிட்டுப் பிறகு அவற்றின் மேல் குந்தப் பழகிக்கொண்டன. கட்டிகளுக்கு நேர் கீழே அந்த வீட்டுக்குரிய கார் நிறுத்துமிடமும், எட்டாம் இலக்கத்துப் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற நடைபாதையும் இருந்தன.

வீட்டுக்காரி சிவனேஸ்வரிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, ஆள் தனி. பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டுகளில் அடுக்குகிற வேலை. ஒரு தட்டில் நாற்பத்திரண்டு கருவி என்றால் நாற்பத்திரண்டும் இருக்க வேண்டும். ஒரு கவ்வி குறைந்தாலும் அவள் தட்டை விடமாட்டாள், எந்தப் பேராசிரியர் வந்து நின்று கத்தினாலும் சரி. அப்படிப்பட்டவள் தினமும் காலையில் கதவைத் திறந்தால், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத சாமான் தலைக்கு மேலே நின்றது. அவளுக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் திரும்பிப் போகவில்லை.

கூரை பார்க்க வந்தவன் சுஜீதன். படகில் வந்து, எட்டு வருடம் விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் சிட்னியின் பாதிக் கூரைகளில் ஏறி இறங்கியவன். ஏணியில் நின்றபடி ஒரு கட்டியை விரலால் தட்டினான். அது நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. “வெயிலுக்கு ஓடு விரியும், மரம் முறுகும் அக்கா. உந்தச் சாந்து மட்டும் நான் அசைய மாட்டன் எண்டு நிக்கும். அதுதான் வெடிக்குது. திருப்பிப் பூசினா நாலு வருசத்தில திருப்பி வெடிக்கும்” என்றான். தன் வான் வண்டியிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எடுத்து வந்து காட்டினான். முழங்கை நீளம், ஓட்டின் ஓரத்தை மேலும் பக்கமுமாகக் கவ்வுகிற வடிவம். ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டது. “ட்ரை வேர்ஜ். சாந்தும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கும். மழை உள்ள போகாது, மைனா கூடு வைக்காது. ரெண்டு நாள் வேலை.” சிவனேஸ்வரி அந்த மூடிகளை வாங்கி ஐந்தாறு தரம் பூட்டிக் கழற்றிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் கூரை பொதுச் சொத்து, பொதுச் சொத்துக்குக் கமிட்டி, கமிட்டிக்குத் தலைவர் மகாதேவன். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். அவர் கட்டிய ஒரேயொரு மதகு இன்னமும் நிற்கிறதா என்று கேட்கிற தைரியம் எவருக்கும் இருந்ததில்லை. வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை, அதில் மூன்று வரிப் பட்டங்கள், மூன்றாவது வரி ஓபர்னில் இரண்டு நாள் நடந்த ஒரு கருத்தரங்குக்கு உரியது. அவர் ஒரு உபகுழு அமைத்தார். உபகுழு ஓர் ஆய்வுக்குழு அமைத்தது. காப்புறுதிக் கொம்பனிக்குக் கடிதம் போயிற்று. விழாத பொருளால் சேதம் இல்லை, விழுந்ததும் அறிவிக்கவும் என்று பதில் வந்தது. மகாதேவன் அதன் ஆங்கிலத்துக்காகவே அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் மூன்று தரம் வாசித்தார்.

“தங்கச்சி, விழாத ஒண்டுக்கு ஏன் உந்த ஆட்டம்? கொஞ்சம் ஆறுதலா இருங்கோ” என்றார்.

“பிள்ளையளின்ர தலையில விழுந்தாப் பிறகோ அண்ணை ஆடுறது?”

அன்றைக்குக் கட்டிகள் நான்கு விரல் உயர்ந்தன. அதை அப்போது எவரும் கவனிக்கவில்லை. அவள் கடிதம் எழுதினாள். கடிதம் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. நிகழ்ச்சி நிரல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. இப்படியே ஐந்து வருடம் போயிற்று. அதற்குள் மகாதேவன் வீட்டுக்குப் போகிற பாதைக்கு மட்டும் கருங்கல் பதித்தாயிற்று.

2024 தைப்பொங்கலன்று மெல்பனில், ஸ்பிரிங்வேலில் இருக்கும் மகள் யாமினி போன் எடுத்து, பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று, ஆறு வருடம் காத்திருந்த செய்தியைச் சொன்னாள். சிவனேஸ்வரி ஒன்பது நிமிடம் பேசினாள். அந்த ஒன்பது நிமிடமும் அவளிடம் கோபம் இருக்கவில்லை. பதினான்கு கட்டிகள் விழுந்தன. பொதுச் சுவரில் வெயிலுக்கு வைத்திருந்த கமிட்டிச் செயலாளர் சடகோபனின் துளசித் தொட்டி தூளாயிற்று. சடகோபன் திருச்சிக்காரர், வங்கியில் புரொஜெக்ட் மேனேஜர், தும்மல் வந்தாலும் நேரம் குறித்துவைக்கிற ஆள். விழுந்த நேரத்தையும், ஜன்னலால் கேட்ட சிரிப்பின் நேரத்தையும் அட்டவணையில் போட்டுப் பார்த்தார். பரீட்சைக்காகச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். ஒன்று விழுந்தது. மறுநாள் அவளுடைய இடத்தில் தன் காரை விட்டார். ஒன்றுகூட விழவில்லை, பழையவை மேலே ஏறின.

இதைத் தெரிந்துகொண்ட கமிட்டி அன்றே கூரையைத் திருத்தியிருக்கலாம். மனிதர்கள் என்றால் அதைத்தான் செய்திருப்பார்கள். கமிட்டி என்ன முடிவெடுத்தது என்றால், கூரையைத் திருத்தத் தேவையில்லை, சிவனேஸ்வரியைக் கோபத்தில் வைத்திருந்தால் போதும். “ஆன்ட்டிதான் சார் நம்ம சப்போர்ட் சிஸ்டம்” என்றார் சடகோபன். மகாதேவன் இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றார். கோயில் திருவிழாவில் பத்து நாளும் பத்து உபயகாரர் பொறுப்பெடுப்பது போல, கிழமைக்கு ஏழு நாளும் ஏழு வீட்டாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அக்கேஷியா கோர்ட் அதற்கு முன்பு எந்த வேலையையும் அவ்வளவு ஒற்றுமையாகச் செய்ததில்லை. திங்கள் உபயகாரர் குப்பைத் தொட்டிகளை அவள் வாசலில் விட்டார்கள். செவ்வாய் உபயகாரர் அவள் இரவு வேலை முடிந்து படுக்கிற நேரம் பார்த்து வெளியே ஸ்பீக்கர் வைத்துப் பாடினார்கள். புதன் சடகோபனுடையது. “சாப்டீங்களா ஆன்ட்டி? ஆமா, நீங்க ஹாஸ்பிட்டல்ல பாத்திரம் கழுவுறதுதானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். வெள்ளிக்கிழமை விசேஷ உபயம், தலைவருடையது. அவளுடைய இடத்தில் காரை விட்டு இறங்கி, “மகளுக்குப் பிள்ளை உண்மையாவே நிண்டிட்டுதோ, இல்லாட்டி இதுவும் போன முறை மாதிரியோ?” என்று விசாரிப்பார். வெள்ளிக்கிழமைகளில் கட்டிகள் ஓட்டுக்கு மேலேயே போய்விடும். அப்படிக் கேட்டவர் மாலையில் திருநீறு பூசிக்கொண்டு கோயிலில் முன்வரிசைக் கதிரையில் இருப்பார்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, எட்டாம் இலக்கத்து ராகவி, அந்த இரண்டு பிள்ளைகளின் தாய், ஏழாம் இலக்கக் கதவைத் தட்டினாள். வந்தவள் அழுதாள்.

“அன்ரி, இண்டையில இருந்து வியாழன் என்ர உபயம். உங்களை என்ன சொல்லி ஏசுறதெண்டு எனக்குத் தெரியேல்லை.”

“என்ன உபயம் பிள்ளை?”

ராகவி போனை நீட்டினாள். வாட்ஸ்அப்பில் பட்டியல் இருந்தது, மேலே பிள்ளையார் சுழி போட்டு. சிவனேஸ்வரி தட்டு சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அன்றைக்குக் கட்டிகள் ஏறிய உயரத்தைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. தொலைக்காட்சி அன்ரெனாவுக்கு மேலே என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

அவள் ராகவிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், பிறகு இருந்து யோசித்தாள். ஓகஸ்ட் கடைசியில் யாமினிக்குப் பிள்ளை பிறக்கும். பிள்ளைப்பெத்துப் பார்க்கப் போகத்தான் வேண்டும். போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கினால் கோபம் நிற்காது. கோபம் நிற்காவிட்டால் ஐந்து வருடச் சாந்தும் ராகவியின் பிள்ளைகள் போகிற பாதையில் இறங்கும். அது இறங்காமலிருக்க அவள் மகளின் வீட்டில், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மகாதேவனை நினைத்தபடி இருக்க வேண்டும். அவளிடம் அவர்கள் கேட்டது அதைத்தான். ஆஸ்பத்திரித் தாள்களை எடுத்து, பதினொரு பிரதி எழுதி, மற்றப் பதினொரு தபால்பெட்டியிலும் போட்டாள். “ஓகஸ்ட் 25, ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு நான் கோபத்தைக் கைவிடுகிறேன். ஏழாம் இலக்கக் கூரைக்குக் கீழே எவரும் நிற்க வேண்டாம். எதையும் நிறுத்தவும் வேண்டாம்.”

மூன்று கிழமை அவகாசம் இருந்தது. இரண்டு நாள் வேலை. கமிட்டி அவசரக் கூட்டம் கூடி, உபயத்தை நாளுக்கு இரண்டு வேளை ஆக்கியது.

சனிக்கிழமை விடியப் பிள்ளை பிறந்தது, பெண். செய்தி வந்தபோதும், சொன்ன நேரம் வரைக்கும் என்று, அந்தப் பட்டியலை நினைத்துக்கொண்டு சிவனேஸ்வரி கோபத்தை விடவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சுஜீதன் கூலி பேசாமல் வந்து சிவப்பு நாடா கட்டி நடைபாதையை மறித்தான். தொகுதி முழுவதும் எதிர்ப்பக்கப் புல்லில் மடக்குக் கதிரைகளுடனும் பிளாஸ்குகளுடனும் தேர் பார்க்கிற மாதிரிக் கூடியது. சிவனேஸ்வரி மெல்பனுக்குக் கட்டிய பெட்டியுடன் நாடாவுக்கு வெளியே நின்றாள். பத்தரைக்கு மகாதேவன் தன் புது வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். நாடாவை அறுத்துக்கொண்டு அவளுடைய இடத்திலேயே விட்டார்.

“அண்ணை, காரை எடுங்கோ. விழும்” என்றான் சுஜீதன்.

“எனக்குப் படிப்பிக்காதையும் காணும். விழ விடமாட்டன்.”

கோட் போட்டிருந்தார். காரின் பக்கத்திலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து நான்கு பக்கம் எடுத்தார். இதுவரை அவளை ஏசியதெல்லாம் சில்லறை, இன்றைக்கு ஆயுளுக்கும் ஆறாத மாதிரிப் பேச வேண்டும் என்று இரவு முழுக்க இருந்து எழுதியிருந்தார். தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் மேடைகளில் மாலை வாங்கிய வாய் தன் பழக்கத்துக்குத் திறந்தது.

“பெருமதிப்புக்குரிய சிவனேஸ்வரி அம்மையார் அவர்களே, இங்கு திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மாரே! நேரத்தின் அருமை கருதி, இந்த அம்மையார் ஒரு வெட்கங்கெட்ட…” பக்கத்தைத் திருப்பினார். காற்று இரண்டாம் பக்கத்தைக் கொண்டுபோயிற்று. அவர் விடவில்லை. “மூன்றாவதாக…” என்று தொடர்ந்தார்.

சிவனேஸ்வரி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதனுக்காகவா ஐந்து வருடம் என்று நினைத்தாள். முதலில் உதடு கோணியது. பிறகு அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் மேல் குந்தி, கண்ணீர் வரச் சிரித்தாள். நேரம் பத்து ஐம்பத்திரண்டு என்று சடகோபன் குறித்திருக்கிறார். ஐந்து வருடச் சாந்தும் ஒரே நேரத்தில் இறங்கியது. மகாதேவனுடைய கோட்டின் கைமடிப்பில்கூடத் தூசி படவில்லை. கார் மட்டும் நசுங்கி ஒரு சாண் உயரமாயிற்று. புழுதி அடங்கியபோது அவர் இன்னமும் மூன்றாம் பக்கத்தைப் பிடித்தபடி நின்றார். சிவனேஸ்வரி மூன்று மணி விமானத்தில் போனாள்.

விழுந்தாயிற்று என்றபடியால் காப்புறுதிக் காசு வந்தது, கமிட்டி கையெழுத்திட்டது. அடுத்த கிழமை சுஜீதன் மிச்சச் சாந்தையும் கொத்தி எடுத்துவிட்டு, பன்னிரண்டு வீட்டு விளிம்புகளுக்கும் கறுப்பு மூடிகளைப் பூட்டினான். டிக், டிக் என்று அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. மூடிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. அதற்கு எவருடைய கோபமும் தேவைப்படவில்லை.

அடுத்த வெள்ளி மாலை மகாதேவன் தன் வாசலில் குத்துவிளக்கு ஏற்றித் திறப்பு விழா வைத்தார். கூரை விளிம்பைத் திறப்பது எப்படி என்று எவரும் கேட்கவில்லை. தன் தூரநோக்கினால்தான் ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் இந்தத் தொகுதி நவீனமயமானது என்று ஒரு மணி நேரம் பேசினார். தன் பக்கத்தில் சடகோபனையும் நிற்பாட்டி, உபயகாரர் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார். ராகவி அதை முழுதாகப் போனில் பிடித்து ஸ்பிரிங்வேலுக்கு அனுப்பினாள்.

சிவனேஸ்வரி அப்போது குசினியில் பேத்திக்குக் குளிக்க வார்க்கத் தண்ணீர் அளாவிக்கொண்டிருந்தாள். பொன்னாடை வரைக்கும் பார்த்தாள், பழைய கோபத்தில் ஒரு சொட்டுத் திரும்பி வந்தது. “என்னம்மா?” என்றாள் யாமினி. “ஒண்டுமில்லை. இது கொஞ்சம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்த்தாள், பிள்ளையை வாங்கினாள்.

அதே நேரம் வெஸ்ட்மீட்டில், கூட்டித் துப்புரவாக்கிய வடிகாலுக்குள்ளிருந்து எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சாந்துக் கட்டி எழும்பி வந்து, மகாதேவன் வீட்டு வாசலுக்கு நேரே, அவருடைய நெற்றி உயரத்தில் நின்றது. சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள், சுத்தியல் வழுக்கியது. மகாதேவன் இப்போது வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் நன்றாகக் குனிந்து போகிறார். தபால்காரரைக் கண்டால் குனிகிறார், எட்டாம் வீட்டுப் பிள்ளைகள் போகும்போது கதவைத் திறந்தால் அவர்களுக்கும் குனிகிறார். புதிதாகக் குடிவந்தவர்கள் வலு பணிவான மனுசன் என்று சொல்கிறார்கள். அந்தக் கட்டியில் ஒரு மைனா குந்துகிறது.