எதிர்மாடிக் குழந்தை

வேடிக்கை பார்ப்பது வேறு, வேலை பார்க்கும்போது கண்ணில் படுவது வேறு. இதை என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை. தையல் மிஷினை ஜன்னலோரம்தான் போட முடியும்; வீட்டில் வெளிச்சம் அங்கே மட்டும்தான் வரும். சந்தோ குறுகல். எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில் யாராவது தும்மினால் இங்கே நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு பக்கம். கண்ணை மூடிக்கொண்டா ஊசியில் நூல் கோக்க முடியும்?

"உனக்கு ஒரு கண்ணு மிஷின்ல, ஒரு கண்ணு ஜன்னல்ல. என்னைக்காவது விரலைச் சேத்து வச்சுத் தச்சுக்கப் போற," என்பார். பஸ் ஓட்டுகிற மனுஷர். அவர் மட்டும் நாள் முழுக்கக் கண்ணாடி வழியாகப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது வேலையாம்.

அந்த மூன்றாம் மாடிக்கு ஒருத்தி குடிவந்தாள். கூட ஒரு பெண் குழந்தை, ஐந்தாறு வயதிருக்கும், இடுப்பு வரை பின்னல் தொங்கியது. சாமான் என்று பார்த்தால் தோளில் மாட்டுகிற பைகள்தான். வந்த அன்றைக்கே ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாளை ஒட்டிவிட்டாள். திரைச்சீலைக்கு என்னிடம்தானே வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. சரி, புதுசு, கூச்சமாக இருக்கும் என்று நானே படியேறிப் போய்த் தட்டினேன்.

"எதிர்ல டெய்லர் நான். திரை தச்சுத் தரட்டுமா?"

கதவு ஒரு சாண்தான் திறந்தது. "வேண்டாங்க," என்றாள். அவ்வளவுதான். முகத்துக்கு நேரே சாத்திவிட்டாள். மூன்று மாடி ஏறிப் போனவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் செய்தித்தாளின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அந்த ஓட்டை வழியாகக் குழந்தை வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னலைக் காணோம். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. உடம்பில் பையன்கள் போடும் சட்டை. பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கையை ஆட்டினேன். குழந்தை சட்டென்று குனிந்து மறைந்துகொண்டது.

குழந்தை பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் மட்டும் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் முகம் பாதி மறையத் துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவாள். ஒரு நாள் ஏறிப் போய்ப் பார்த்தேன், கதவுக்கு வெளியே பூட்டு. உள்ளே குழந்தை தனியாக.

"என்னங்க, அது அவ பிள்ளை இல்ல," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"ஏன், நீ போய்ப் பிரசவம் பாத்தியா?"

"பெத்தவ எவளாவது அவ்வளவு முடியை வெட்டிட்டுப் பையன் மாதிரி வேஷம் போட்டு வச்சிருப்பாளா? எங்கேருந்தோ தூக்கிட்டு வந்திருக்கா. எழுதி வச்சுக்கோங்க."

"பேன் வந்திருக்கும்டி. போய்ச் சோத்தைப் போடு."

சோறு போட்டேன். எனக்குத்தான் இறங்கவில்லை. எந்த வீட்டிலோ ஒரு தாய் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள், நான் இங்கே பள்ளிச் சீருடைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று மனசு குடைந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றியது. ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரிக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

ஸ்டேஷன் எனக்குப் புதிதல்ல. அங்கே பாதிப் பேருக்கு உடுப்பைப் பிடித்துக் கொடுப்பதும் தளர்த்திக் கொடுப்பதும் நான்தான். யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது என்று அவர்கள் வீட்டுக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் அம்மாவே போனை எடுத்தார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு, டெய்லர் அக்கா. மத்த ஸ்டேஷனுக்கெல்லாம் தகவல் அனுப்பறேன். காணாமப் போன குழந்தைங்கள்ல இருக்கான்னு பாப்போம். நீங்களா எதுவும் பண்ணிடாதீங்க."

"நான் என்னம்மா பண்ணப் போறேன், பாக்கறதுதான்," என்றேன். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில், வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, ஒருவர் வந்து நின்றார். நல்ல உயரம். சாதாரணச் சட்டைதான். ஆனால் கீழே பார்த்தேன். போலீஸ் கால்சட்டை. அகலமான பெல்ட் நுழைகிற பட்டி, பையின் வாயில் இரட்டைத் தையல். ஷூவும் அதேதான். எத்தனை கால்சட்டை பிரித்துத் தைத்திருக்கிறேன், என்னை ஏமாற்ற முடியுமா?

"எதிர்வீட்டைப் பத்தித் தகவல் சொன்னது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாங்க சார், உக்காருங்க. மப்டியில வந்தா எனக்குத் தெரியாதா?"

சிரித்தார். உட்காரவில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில், வெளியே தெரியாதபடி நின்றுகொண்டு கேட்டார். நான் சொன்னேன். மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு என்றேன். முன்வாசலில் போனால் மேலேயிருந்து பார்த்துவிடுவாள், பின்னால் குப்பைத் தொட்டி பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறது என்றேன். மத்தியானம் அவள் கடைக்குப் போகிற நேரத்தைச் சொன்னேன். அதோடு விட்டேனா?

"பூட்டு சின்னதுதான் சார். ஒரு தட்டு தட்டினா கழண்டுடும்."

"குழந்தை சாப்பிடுதா? மெலிஞ்சிருக்கா?" என்று கேட்டார். கேட்கும்போது கண் கலங்கிவிட்டது. போலீஸிலும் இப்படி ஈரமுள்ள மனுஷர் இருக்கிறாரே என்று நினைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிப் போனார்.

போன பிறகு எனக்கு மிஷினில் கால் நிற்கவில்லை. எதுவோ உறுத்தியது. விசாரிக்க வருகிறவர்கள் இரண்டு பேராகத்தானே வருவார்கள்? என் பெயரைக்கூடக் கேட்கவில்லையே? சே, நல்ல மனுஷரைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மத்தியானம் எதிர்வீட்டுக்காரி துணியைச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பினாள். அப்போதுதான் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் அம்மா.

"அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் நான் நேர்ல வந்து விசாரிக்கறேன்."

"அதான் காலையிலேயே ஆள் அனுப்பிட்டீங்களேம்மா."

"நான் யாரையும் அனுப்பலையே."

"உயரமா, நம்ம டிபார்ட்மெண்ட் கால்சட்டை போட்டுக்கிட்டு..."

 அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "அக்கா, நான் அனுப்பின தகவலுக்குப் பொருந்தற மாதிரி ஒரே ஒரு புகார்தான் இருக்கு. பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிட்டாள்னு. புகார் குடுத்த புருஷன் நம்ம போலீஸ் ஆள்தான், வேற ஸ்டேஷன். அவன் சரியில்லைன்னு விசாரிச்சதுல தெரிஞ்சுது. நீங்க என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

 போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கழுத்தில் அளவு நாடா, காலில் செருப்பில்லை. அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னையே சொல்லிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. அவன் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் பிள்ளைக்குப் பழக்கி வைத்திருக்கிறாள். "அப்பா வந்திருக்கேன்டா கண்ணு. தாழ்ப்பாளைத் திற. அப்பா அடிக்க மாட்டேன்," என்றான். என் வீட்டில் பேசின அதே மெதுவான குரல். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பா அடிக்க மாட்டேன் என்று எந்த அப்பா சொல்வான்?

"திருடன்! திருடன்! எல்லாரும் வாங்க!" என்று கத்தினேன். கடவுள் எனக்கு அழகைக் கொடுக்காவிட்டாலும் தொண்டையைக் கொடுத்திருக்கிறார். நாலு கதவு திறந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். அவன் அசையாமல் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான்.

"போலீஸ். குடும்ப விஷயம். எல்லாரும் உள்ள போங்க."

வந்தவர்கள் அப்படியே பின்வாங்கினார்கள். நான் கதவுக்கும் அவனுக்கும் நடுவே புகுந்து நின்றேன்.

"நகருங்க."

"மாட்டேன்."

"என்னம்மா இது? எல்லாத்தையும் சொன்னதே நீங்கதானே? படிக்கட்டு, நேரம், பூட்டு வரைக்கும்?"

சத்தமாகத்தான் சொன்னான். படியில் பை விழுகிற ஓசை கேட்டது. அவள் திரும்பி வந்திருந்தாள். முகத்தில் துணி விலகியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொள்ள ஒரு கையை நீட்டினாள். அந்தக் கை முழுதாக நீளவில்லை. முழங்கையில் கோணலாக ஒட்டிப்போன எலும்பு. அவளுக்குச் சட்டை தைத்தால் ஒரு கைக்கு ஓர் அளவும் மறு கைக்கு வேறு அளவும் எடுக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான். அளவு நாடாதான் அவன் கையோடு போனது. நான் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினேன். கீழே ஜீப் நிற்கும் வரை கத்திக்கொண்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா மேலே வந்து உடைந்த பூட்டைக் கையில் எடுத்தார். "குடும்ப விஷயம், மேடம்," என்றான் அவன்.

"பூட்டை உடைக்கறது எந்தக் குடும்பத்துல வழக்கம்?" என்றார். அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, எதிர்வீட்டு டெய்லர் சொன்னதுன்னு நான் அனுப்பின தகவலை வச்சு, டூட்டியில இல்லாதப்ப வந்திருக்கான். நீங்க சாட்சி சொன்னாத்தான் கேஸ் நிக்கும். அவன்கிட்ட என்னென்ன சொன்னீங்களோ அத்தனையும் சொல்லணும்."

சொன்னேன். அவள் எதிரிலேயே, படியில் உட்கார்ந்துகொண்டு, அவன் கண் கலங்கி, குழந்தை சாப்பிடுகிறதா என்று கேட்டதிலிருந்து பூட்டு சின்னதுதான் என்று நான் சொன்னது வரைக்கும் சொன்னேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவள் கதவோரம் போய், "நான்தான் கண்ணு," என்றாள். தாழ்ப்பாள் விலகியது. குழந்தை வெளியே வரவில்லை. அவள் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

"இன்னைக்கு அவனை ஸ்டேஷன்ல உக்கார வைக்க என்னால முடியும். நாளைக்கும் முடியும்னு நான் சொல்லமாட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கும்போது. "அவங்க இங்க இருக்கக் கூடாது. வேற இடத்துக்கு ஏற்பாடு பண்றேன்."

சாயங்காலம் வரை ஒரு தையல் போட முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பேசியிருக்கலாம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். அவள்தான். திட்டத்தான் வந்திருக்கிறாள், நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன்.

"அக்கா, எங்களுக்கு வண்டி வரப்போகுது."

"எங்க போறீங்கம்மா?" வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க கெட்டவங்க இல்லக்கா. கதவுகிட்ட நின்னீங்களே, நான் பாத்தேன். ஆனா இன்னொரு நல்லவன் வந்து, குழந்தை சாப்பிடுதான்னு கண் கலங்கிக் கேட்டா, நீங்க சொல்லிடுவீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "வண்டி வர்றப்ப நீங்க பாக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இல்லை, சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் படியிறங்கிப் போனாள்.

ஜன்னலைச் சாத்தினேன். அது போதவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். கீழே வண்டி வந்து நிற்பது கேட்டது, கதவு திறப்பது கேட்டது, குழந்தை ஏதோ கேட்டது, அவள் "சும்மா இரு" என்றாள். வண்டி கிளம்பியது. முனையில் இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.