நாலு டயர் காற்று

கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது எலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பது போல வலிக்கும். காலைக் கையால் தூக்கித் தரையில் வைத்து, சுவரைப் பிடித்து எழுந்து, கொஞ்சம் நொண்டி நடந்தால்தான் மூட்டு இளகும்.

"வண்டிக்கு மட்டும் தேதி பார்த்து ஆயில் மாத்துறீங்க. அந்தக் காலுக்கும் ஏதாச்சும் ஊத்துங்க" என்பாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

டாக்ஸி கம்பெனியில் அவனுக்குப் புயல் என்று பெயர். இளவயதில் அது பாராட்டாக இருந்தது. ரயிலைத் தவறவிட்டவர்களை அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்றிவிடுவான். இப்போது பெட்ரோல் விற்கிற விலையில் அதே பெயர் கிண்டலாகிவிட்டது.

அவனுடைய சகலையும் அங்கேதான் ஓட்டினான். மனைவியின் தங்கையைக் கட்டியவன். வேலையில்லாமல் திரிந்தவனைக் கையோடு கூட்டிவந்து சேர்த்துவிட்டதே புயல்தான். சகலை ஓட்டினால் வண்டி வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. அதனால் அவனுக்குப் பூனை என்று பெயர் விழுந்தது. புயலைப் பார்த்துச் சிரித்தவர்கள் பூனை என்று சொல்லும்போது சிரிக்கவில்லை. அதுவே புயலுக்கு உறுத்தியது.

ஒருநாள் முதலாளியம்மா எல்லா டிரைவர்களையும் ஷெட்டில் நிற்கவைத்துச் சொன்னாள். "புது வண்டி ஒண்ணு வருது. கிளட்சும் இல்ல, கியரும் இல்ல. மாசக் கடைசியில யாரு லிட்டருக்கு அதிகம் ஓட்டிக் காட்டுறாங்களோ, அவங்க கையில சாவி. சீனியர், ஜூனியர்னு யாரும் என்கிட்ட வராதீங்க."

கிளட்ச் இல்லை என்று காதில் விழுந்ததும் புயலின் இடது கால் தானாகவே ஒருமுறை நீண்டு மடங்கியது. அந்த வண்டி கிடைத்தால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். கிடைக்காவிட்டால் கால் நின்றுவிடும், காலோடு பிழைப்பும் நின்றுவிடும். வேறு எந்தத் தொழிலும் அவனுக்குத் தெரியாது.

வாரா வாரம் டேங்கை வாய் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்து, ஷெட் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதினார்கள். முதல் வாரம் பூனை மேலே, புயல் கடைசிக்கு முந்தி. கடைசி இடத்தில் இருந்தவனின் வண்டிக்கு டேங்க் ஓட்டை.

"உங்க டேங்கையும் எதுக்கும் ஒருதடவ பார்த்துடுங்கண்ணே" என்றான் அவன்.

அந்த வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். பார்த்துவர இரண்டு குடும்பமும் பூனையின் வண்டியில் கிளம்பின. "அத்தான், நீங்க முன்னாடி உக்காருங்க" என்றாள் கொழுந்தியாள். புயல் உட்கார்ந்து, பாதையைப் பார்க்காமல் சகலையின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்தக் கால் பெரும்பாலும் சும்மா இருந்தது. சிக்னல் எங்கோ தூரத்தில் சிவப்பாகும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிடும். வண்டி தன்பாட்டில் உருண்டுபோய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும். முன்னால் போன பஸ்ஸுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு லாரி நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தான். யார் யாரோ நுழைந்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை. பாலத்து ஏற்றத்துக்கு முன்பே கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொண்டான். ஏறும்போது வேகம் குறைந்தது. குறையட்டும் என்று விட்டுவிட்டான். புயலாக இருந்தால் அங்கேதான் மிதித்திருப்பான்.

இறக்கத்தில் புயலால் வாயை அடக்க முடியவில்லை. "நியூட்ரல் தட்டலியா சகலை? எறக்கத்த வீணாக்குறீங்களே."

"கியர்லயே விட்டுட்டுக் காலை எடுத்தா இன்ஜின் பெட்ரோலே குடிக்காது சகலை. நியூட்ரல் போட்டாத்தான், அணையாம இருக்கணுமேன்னு குடிக்கும்."

இத்தனை வருடமும் ஒவ்வோர் இறக்கத்திலும் நியூட்ரல் தட்டியவன் புயல். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பியபோதுதான் பக்கக் கண்ணாடியில் மனைவி தெரிந்தாள். தலையை ஜன்னலில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய வண்டியில் அவள் ஒருநாளும் தூங்கியதில்லை. இரண்டு கையாலும் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

ஆஸ்பத்திரி வாசலில் எழுந்தவள், "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்றாள்.

"அக்கா எப்பவும் இவர் வண்டியில இப்படித்தான். ஒரு தலகாணி வாங்கிப் போட்டுடலாம்" என்று தங்கை சிரித்தாள்.

எப்பவுமா? எத்தனை முறை போயிருக்கிறாள்? அவன் கேட்கவில்லை. கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மாமியார் கட்டுப்போட்ட கண்ணோடு, "சின்ன மாப்பிள்ளை வந்திருக்காரா?" என்றுதான் முதலில் விசாரித்தாள்.

மறுநாள் முதல் அவனும் பூனை மாதிரி ஓட்டிப் பார்த்தான். சிவப்பைக் கண்டதும் காலை எடுத்தான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஒருத்தன் முந்திப் போகும்போது, "தூக்கமா பெருசு?" என்று கேட்டான். அவ்வளவுதான். அவனைத் துரத்தி முந்திக் காட்டியதில் காலையிலிருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் புகையாகப் போனது. அந்த வாரமும் பலகையில் ஏறவில்லை.

"பூனை வண்டி நல்ல வண்டிம்மா" என்றான் முதலாளியம்மாவிடம், எல்லாரும் கேட்க. "என் வண்டிய அவன்கிட்ட குடுத்துப் பாருங்க, தெரியும்."

அவள் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ யோசித்தாள்.

அதன்பிறகுதான் அவன் அந்த வேலையில் இறங்கினான். விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போவான். பூனையின் வண்டிக்குப் பக்கத்தில், வலிக்கிற முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருகி எடுத்து, சாவி முனையால் அழுத்துவான். காற்று சீறும். கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும். பிறகு அடுத்த டயர். காற்று குறைந்தால் டயர் ரோட்டைப் பிடித்து இழுக்கும், வண்டி பெட்ரோலைக் குடிக்கும். இது டிரைவர் மட்டும் டிரைவருக்குச் செய்யக்கூடிய கெடுதல். வேறு யாருக்கும் தோன்றாது.

ஆனால் சனிக்கிழமை பலகையில் பூனையின் எண் இறங்கவில்லை. எப்படி என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கடைசி வாரத்தின் முதல் நாளும் அவன் நாலு டயரையும் இறக்கிவிட்டு எழுந்தான். கடைசி மூடியைத் திருகுமுன் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தான். வந்தவள் முதலாளியம்மா. பின்னாலேயே பூனையும் வந்தான்.

"கேட்டீங்கல்ல? இந்த வாரம் மாத்தி ஓட்டுங்க. உங்க வண்டிய அவரு, அவரு வண்டிய நீங்க. சாவியக் குடுங்க. உங்களுக்கு ஏற்கெனவே ஆள் காத்திருக்காங்க, கிளம்புங்க" என்றாள் புயலிடம்.

புயல் தன் சாவியைக் கொடுத்தான். டயரில் காற்றில்லை என்று எப்படிச் சொல்வது? பார்த்ததும் தெரிகிற குறையில்லையே. பூனை சாவியை நீட்டினான். "நல்ல வண்டிதான் சகலை, பார்த்து ஓட்டுங்க" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை.

காத்திருந்த ஆளுக்கு வெளியூர்ச் சவாரி. போகும் வழியெல்லாம் ஸ்டியரிங் கனத்தது. அவன் இறக்கிய காற்று ஒவ்வொரு மைலிலும் அவனையே பிடித்து இழுத்தது. திரும்பி வரும்போதுதான் பஞ்சர் கடையில் நிறுத்த முடிந்தது.

கடைக்காரன் காற்றை அளந்து பார்த்துச் சிரித்தான். "பூனை வண்டியா? அதான பார்த்தேன், காலையில ஆளக் காணோமேன்னு. இப்பல்லாம் தினம் முதல் போணி அவருதான். நாலு டயரும் ஒரே அளவா இறங்கியிருக்கும். யாரோட கைவேலைங்கன்னு கேட்டா, டயருக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றாரு. நாலுக்கும் ஒரே நாள்ல வயசாகுமா, நீங்களே சொல்லுங்க."

 கடைக்காரன் ஒவ்வொரு டயராக அடித்து முடித்தான். "இதுல மூடி இல்லையே" என்றான் கடைசியில்.

"விழுந்திருக்கும்."

சனிக்கிழமை பலகையில் எழுதினார்கள். புயலின் பழைய வண்டியை, அதே தேய்ந்த கிளட்சோடு, புயல் ஒருநாளும் பார்க்காத எண்ணுக்குப் பூனை ஓட்டியிருந்தான். நல்ல வண்டி என்று சொல்ல இனி வழியில்லை. புது வண்டியின் சாவி பூனையின் கைக்குப் போனது. அவன் அதை யாருக்கும் விட்டுத்தரவில்லை, வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"உங்க டிக்கியில இருந்ததெல்லாம் ஷெட்டு ஓரமா அடுக்கி வச்சிருக்கேன் சகலை" என்றான். செத்த பேட்டரி, இரண்டு ஜாக்கி, தண்ணீர் கேன், எதற்கென்றே நினைவில்லாத ஒரு இரும்புச் சங்கிலி. "இவ்வளவையும் தூக்கிக்கிட்டு ஓடுனா வண்டி என்ன பண்ணும், பாவம்."

சீனியர் என்பதால் பூனையின் பழைய வண்டி புயலுக்கு வந்தது. அதற்கும் கிளட்ச் உண்டு.

மறுநாள் மனைவி துவைக்கப் போட்ட சட்டையோடு வந்தாள். "பையில இது கிடந்துச்சு. பட்டன்னு நெனச்சேன். என்னங்க இது?"

"டயர் மூடி."

"யாரு டயரு?"

"நம்மளுதுதான்" என்றான். அன்றைய தேதிக்கு அது பொய்யில்லை. அவள் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு மூடியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "தங்கச்சி புது வண்டியில கூப்பிடுறா, சாயங்காலம் ஒரு சுத்து போயிட்டு வரேன்" என்றாள். போய்த் தூங்கட்டும் என்று நினைத்தான். மூடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினான்.

ஷெட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது, புது வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றது.

"மூடி கிடைச்சிடுச்சா சகலை?"

"கிடைச்சுது."

"எங்க?"

"வழியில."

பூனை தலையாட்டினான். இடது காலை வசதியாக நீட்டி வைத்துக்கொண்டு, வலது காலால் ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டான். வண்டி நழுவிப் போனது.

புயல் அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். இறக்கிய காற்றைக் கடைக்காரன் அன்றே அடித்துவிட்டான். மூடியும் அதன் இடத்துக்குப் போய்விட்டது. "நான்தான் இறக்கினேன் சகலை" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் பூனைக்கு அவன் இன்னும் தரவேண்டிய பாக்கி.