முப்பது வினாடிப் படம்

விலை உயர்ந்த போன் வாங்கியதிலிருந்து என் வீட்டுக்காரர் எங்களை மனுஷராகவே மதிப்பதில்லை. நானும் மகளும் அவர் படத்துக்கு வெறும் இடைஞ்சல். அன்று பட்டப்பகலில், ஆளே இல்லாமல் கூடத்தைப் படமெடுக்க வேண்டுமாம். போனை ஸ்டாண்டில் மாட்டினார்.

“அப்போ நாங்க எங்கே போய்த் தொலையிறது?” என்றேன்.

“எங்கேயும் போக வேணாம். இந்த போன் ஒரே போட்டோவை முப்பது வினாடி எடுக்கும். அதுவரைக்கும் நிக்காம நடந்துட்டே இருங்க. அசையிறது எதுவும் படத்துல விழாது. அசையாம இருக்கிறது மட்டும்தான் விழும்.”

நாங்கள் கிறுக்குப் பிடித்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி நடந்தோம். சொன்னபடியே படத்தில் நாங்கள் இல்லை. ஆனால் காலியாகக் கிடந்த சோபாவில் யாரோ ஒரு பெண் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் வளையல்கூட அத்தனை தெளிவு.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “போன்ல ஏதோ கோளாறு,” என்று முனகிக்கொண்டே மறுபடி எடுத்தார். நாங்களும் மறுபடி நடந்தோம். இந்தத் தடவை படத்தில் சோபா காலி.

“அப்பாடா, போயிட்டா!” என்றேன்.

மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அசைஞ்சா விழாதுன்னு அப்பாதானே சொன்னார்? அவ போகலைம்மா. எழுந்து நம்மகூட நடந்திருக்கா.”