மூன்று முறை கூப்பிட்டாச்சு

முள் நடுங்குகிறது, யாரும் பேசவில்லை, ஆனாலும் நடுங்குகிறது, என் வீட்டுக்காரர் விட்டுப்போன ஹாம் ரேடியோவின் மஞ்சள் வெளிச்சத்தில் துள்ளித் துள்ளி அடங்குகிறது, இரைச்சல்டி, கடலுக்கு மேல எங்கியோ மின்னுது, பேயும் இல்ல பிசாசும் இல்ல என்கிறார் அவர், முப்பத்தைந்து வருஷமாக அதையே சொல்கிறார், செத்து நாற்பத்தொரு நாளாகியும் என் காதுக்குள் சொல்கிறார், அந்த மனுஷனைப் போய் இந்தப் படுபாவிகள் பேய்க்கதையில் இழுத்துவிட்டார்களே. வானலையில் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ளும் ஹாம்காரர்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் இறந்தால் அவருடைய அழைப்புக்குறியை, பெயரைவிட அவருக்கு நெருக்கமான அந்த எழுத்துகளை, வானலையில் மூன்று முறை கூப்பிட வேண்டும், பதில் வராது, பிறகு இந்த நிலையம் மூடப்பட்டது என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் எல்லாரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும், உரிமம் எனக்கும் உண்டு, முப்பதாம் நாள் ராத்திரி நான்தான் கூப்பிட்டேன், மூன்று முறையும் கூப்பிட்டேன், மூடப்பட்டது என்று மட்டும் நான் சொல்லவில்லை, மதுரையிலிருந்து கமால் பாய், முடிச்சிருங்கக்கா, நாங்க எல்லாரும் இருக்கோம் என்கிறார், நான் ரேடியோவை அணைத்துவிட்டேன், மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும்.

நாங்கள் பேசினால் மாடிவீட்டு இசக்கிராஜாவின் ஸ்பீக்கரில் ஏறிவிடும், அது பழைய தொந்தரவு, அதற்கென்றே அவர் தன் கைக்காசில் எங்கள் குரல் ஏறாமல் தடுக்கிற ஒரு காந்த வளையம் வாங்கி அவன் வீட்டு ஒயரில் மாட்டிக் கொடுத்திருந்தார், அந்தப் பயல் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பாட்டு ஓடாத ஸ்பீக்கரில் பொம்பளைக் குரல் கேட்குது என்று பதிவுசெய்து பண்பலையின் ராத்திரிப் பேய் நிகழ்ச்சிக்கு அனுப்ப, அதை நடத்துகிற வினோ பின்னணியில் நாய் ஊளையைச் சேர்த்து, துறைமுகத்துல செத்த கர்ப்பிணி ஒருத்தி, காதலன ரகசியக் குறி சொல்லிக் கூப்பிடுறா என்று அளக்க, ஊரே விபூதி பூசிக்கொண்டு கேட்கிறது. கர்ப்பிணியாம், எனக்கு அறுபத்திரண்டு முடிந்து மூட்டுவலி! ஏல, அது நான்தாம்ல, குத்துக்கல்லாட்டம் கீழ்வீட்டுல உயிரோட இருக்கேன், ஒனக்குத் தெரியலியா என்று மாடிப்படியில் மறித்துக் கேட்டால், தெரியும் பெரியம்மா, ஆனா பேயின்னாதான் கேக்காங்க என்று சிரிக்கிறான் இசக்கிராஜா, செவிட்டில் ஒன்று விட்டிருக்க வேண்டும், கை எழவில்லை.

இன்று அந்த நிகழ்ச்சிக்கு நானே போன் போட்டேன், அந்தக் குரல் என்னுடையது என்றேன், ஆவியே லைன்ல வந்திருக்காங்க மக்களே என்று வினோ குதிக்கிறான், சொல்லுங்க மேடம், எப்படிச் செத்தீங்க என்கிறான், அப்போது வந்தது பாருங்கள் ஒரு கோபம், நாற்பது நாள் அழுகை கொடுக்காத தெம்பை அது கொடுத்தது, ஒரு கையில் போன், மறுகையில் அவருடைய ரேடியோ மைக், அதையும் அமுக்கிக்கொண்டு சொன்னேன், செத்தது நானில்ல, எம் புருசன் பொன்னுத்துரை, மூணு தடவ கூப்பிட்டாச்சு, பதில் இல்ல, இந்த நிலையம் மூடப்பட்டது, ஒரு நிமிசம் எல்லாரும் வாய மூடுங்க.

சொல்லிவிட்டேன். பண்பலையில் ஏழு நொடி தாங்கவில்லை, ஜவுளிக்கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டான் கூறுகெட்டவன், போனை வைத்தேன், இங்கே அவருடைய பெட்டியில் கமால் பாயும் மற்றவர்களும் மூச்சுக்கூட விடவில்லை, அந்த முழு நிமிஷமும் நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நடுங்கியது, துள்ளியது, இரைச்சல்தான், மின்னல்தான், எனக்குத் தெரியாதா, சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறாரே, ஆனாலும் ஒரே ஒரு தடவை, எனக்காக, பேயாய் வந்தால் குறைந்தா போய்விடுவார் இந்த மனுஷன்.