கோளாறு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அம்மா கறியை அடுப்பில் வைத்த நேரத்தில், நான் ஃபேஸ்புக்கில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடத்தில் விடையையும் போட்டுவிட்டேன். அந்த விடையைத் தட்டிய விரலை இப்போது பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் குழுவின் பெயர் 'பழைய வண்டிப் பிரியர்கள் – விழுப்புரம் மாவட்டம்'. அது 2014. அப்போது நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தோம். அப்பா ஓட்டிய புல்லட், மாமா வைத்திருந்த ராஜ்தூத், கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்த வண்டி என்று பழைய ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்த்துக்கொண்டு வந்து போடுவார்கள். கீழே அவரவர் கதையை எழுதுவார்கள். பெண்கள் ஐந்தாறு பேர்தான். அதில் நான் கொஞ்சம் பிரபலம். என் பக்கத்தில் என் முகம் இருக்காது, எங்கள் வீட்டு யெஸ்டியின் பச்சை டேங்க்தான் இருக்கும். பெயரும், என் பெயரோடு வண்டியைச் சேர்த்து, 'வெனிலா யெஸ்டி'. குழுவை நடத்தியவர் விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்த தென்னரசு. ஞாயிறுதோறும் அவர் ஒரு புதிர் போடுவார். வழியில் நின்றுபோன ஏதாவது ஒரு வண்டியின் பழைய படம், மேலே 'கோளாறு எங்கே?' என்று ஒரு தலைப்பு. படத்தைப் பார்த்தே என்ன பழுது என்று சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வெற்றியாளர் பெயரை அறிவிப்பார். நான் மூன்று முறை ஜெயித்திருந்தேன்.

அன்றைய படம் நிறம் வெளுத்துப்போன ஒரு கலர் படம். '1993. எங்கள் வீட்டு வாசல். ஃபிலிம் ரோலில் கடைசி ஒன்று மிச்சமிருந்ததால் அப்பா எடுத்தது. பெட்ரோலா? பிளக்கா? பாயிண்டா? கண்டுபிடியுங்கள் நண்பர்களே' என்று எழுதியிருந்தார். ஓட்டு வீடு ஒன்றின் வேலிக்கு முன்னால், கறுப்பு யெஸ்டி ஒன்றை ஒல்லியான ஆள் ஒருவர் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போகிறார். பின்னால் ஒரு பெண், வண்டியின் கேரியரில் ஒரு கையை வைத்திருக்கிறாள். நான் ஆட்களைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி பெட்ரோல் குழாய், சைலன்சர், பிளக் வயர் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் மண்தரையில் வண்டி வந்த தடத்தோடு சொட்டுச் சொட்டாக ஈரம் இருப்பது கண்ணில் பட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். 'கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ. தரையில் பெட்ரோல் ஒழுகிய தடம் தெரிகிறது. பின்னால் தள்ளும் அக்காவுக்கு என் அனுதாபங்கள்' என்று எழுதி, கூடவே சிரிக்கிற மூஞ்சி ஒன்றையும் வைத்தேன்.

விருப்பங்கள் வந்து குவிந்தன. 'கழுகுக் கண்ணு சிஸ்டர் உங்களுக்கு' என்றார் ஒருவர். 'பொண்டாட்டியைத் தள்ள விடுறான் பாரு, கில்லாடி' என்று இன்னொருவர். 'இந்த மாதிரி ஆளுங்க கைல யெஸ்டியக் குடுத்தா வேற என்ன ஆகும்' என்று எழுதியவருக்கு நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். நானும் ஒரு லைக் போட்டேன். ஆமாம், நானும்தான்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இங்க பாரும்மா, உன்ன மாதிரியே ஒரு மகராசி. வண்டியத் தள்ளிக்கினு போறாங்க" என்று போனை நீட்டினேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எப்பிடி உனுக்குக் கெடச்சிது?"

"யாரோ போட்டிருக்காங்க. ஏன்?"

"யாரோவா? இது உங்கப்பாடி. இது நானு." பிறகு படத்தில் அந்தப் பெண்ணின் வயிற்றின் மேல் விரலை வைத்தாள். "இது நீ."

எங்கள் யெஸ்டி முன்பு கறுப்பு. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா அதற்குப் பச்சை அடித்துவிட்டார். அந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மாடி வீடும் இரும்பு கேட்டும் இருக்கின்றன. இருபத்தோரு வருடமாக நான் போய்வருகிற ஊர்த்தெருதான் அது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். காலனியிலிருந்து மெயின்ரோட்டுக்குப் போக வேண்டுமானால் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். டீக்கடை முனையிலிருந்து பால் சொசைட்டி வரைக்கும் நூற்று எண்பது தப்படி. அந்த நூற்று எண்பது தப்படியும் காலனி ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மோட்டார் வண்டியாக இருந்தால் என்ஜினை அணைக்க வேண்டும். காலனியில் முதன்முதலாக மோட்டார் வண்டி வாங்கியவர் என் அப்பா அருள்நாதன். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில்லில் அவர் மெஷின் ஃபிட்டர். சின்ன வயதில் என்னை டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு வருவார், டீக்கடை வந்ததும் இறக்கிவிடுவார். ஏம்பா என்று கேட்டால், "வண்டி மூச்சு வாங்கணும் பாப்பா" என்பார். ஏழாவது படிக்கும்போது கூடப் படித்தவள் ஒருத்தி காரணத்தைச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் நான் பிறந்த நாளின் கதை எனக்குத் தெரியாது. அம்மா அன்றுதான் சொன்னாள்.

"பத்து மணிக்கு வலி எடுத்துக்கிச்சி. பஸ்ஸு கெடையாது. உங்கப்பா வண்டிய எடுத்தாரு. டீக்கட வரிக்கும் உக்காந்துக்கினு வந்தேன். அங்க எறங்கிட்டேன். நடக்க முடில, அதான் கேரியரப் புடிச்சிக்கினேன். தள்ளலடி நானு. அதப் புடிச்சிக்கினுதான் நின்னேன். இந்த ஊட்டாண்ட வரும்போது பனிக்குடம் ஒடஞ்சிப்போச்சி. காலு ரெண்டும் ஈரம். எதிர்ல ஒருத்தரு கேமராவ வெச்சிக்கினு நின்னாரு. நான் தலையத் தூக்கவே இல்ல. சொசைட்டியாண்ட போய்தான் மறுபடியும் ஏறினேன்."

நான் வேலை பார்ப்பது திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். தினமும் முப்பது கர்ப்பிணிகளுக்கு டோக்கன் போடுகிறேன். நிற்கிற நிற்பைப் பார்த்தே எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் படத்தில் கார்பரேட்டர்தான் தெரிந்தது. என் அம்மாவின் பனிக்குட நீரை பெட்ரோல் என்று எழுதியது நான். சிரிக்கிற மூஞ்சி வைத்ததும் நான். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது, முதலில் என்னை.

என் விடையை அழித்தேன். அதே இடத்தில் புதிதாக எழுதினேன். 'இந்த வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. இது என் அப்பாவின் வண்டி. காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் அணைத்துவிட்டுத் தள்ளுகிறார். பின்னால் வருகிறவர் என் அம்மா, பிரசவ வலியில் இருக்கிறார். தரையில் இருப்பது பெட்ரோல் அல்ல.' அவ்வளவுதான் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் தென்னரசு கூப்பிட்டார். பழைய வண்டிகளின் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தபோது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

"சிஸ்டர், வணக்கம். இன்னா சிஸ்டர் இப்பிடி எழுதிட்டீங்க? நீங்க எந்த ஊருங்க?"

ஊரைச் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன்.

"அருளு பொண்ணா நீ? அட, நம்ம ஊருதானா! நான் பால் சொசைட்டி துரைக்கண்ணு பையன். எனக்கு அப்ப எட்டு வயசு. உங்கப்பன் வண்டியா அது? எனக்கு ஞாபகமே இல்ல பாரேன்."

பேசிய ஒரு நிமிடத்துக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அவரைவிட இருபது வயது மூத்த அப்பா 'அருளு' ஆகிவிட்டார்.

"இதப் பாரு, நாம எல்லாம் வண்டி மேல ஆசப்பட்டு சேந்த ஆளுங்க. அதுல போய் சாதியக் கொண்டாந்து ஏன் பேஜாரு பண்ற? எங்கப்பா இப்ப உயிரோட இல்ல. அவரு எடுத்த போட்டோ. பெரியவங்க எதுனா பண்ணி இருந்தா நாம இன்னா பண்றது சொல்லு? வர்ற மீட்டுக்கு உங்கப்பன வண்டியோட கூட்டிக்கினு வா. மேடையில ஏத்தி ஒரு சால்வை போட்டுடலாம்."

"சால்வை வேணாங்க. படத்துக்கு மேல உண்மைய எழுதுங்க, போதும்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். நான் திரும்பக் குழுவைத் திறந்தபோது என் பதிவைக் காணோம். படமும், நான் அழித்த விடையைப் பார்த்து 'ஓவர்ஃப்ளோதான்' என்று மற்றவர்கள் எழுதியவையும் அப்படியே இருந்தன. புதிதாக இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

அப்பா சர்ச்சில் பங்குக் கூட்டம் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தார். சாப்பிட்ட பிறகு காட்டலாம் என்று அம்மா கண்ணால் சொன்னாள். என்னால் முடியவில்லை. போனை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், பிறகு கீழே இருந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஓவர்ஃப்ளோவா? என் வண்டியா?" என்றார். "மொத நாளுதான் பாயிண்டத் தொடச்சி, கார்பரேட்டரக் கழட்டி மாட்டினேன். இவளுக்கு நாளு நெருங்கிக்கிச்சின்னு ரெடியா வெச்சிருந்தேன். ஒரே ஒத, கெளம்பிடும். இன்னா எழுதறானுங்க இவனுங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "உனுக்கு வண்டியச் சொன்னதுதான் ரோஷமாப்பா? அம்மா வலியில நடந்துக்கினு வந்தாங்களே, அது ஒண்ணுமில்லையா? அன்னைக்கு ஒரு நாளு ஓட்டிக்கினு போயிருந்தா இன்னா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு முந்தின வாரம் ஒரு தபா ஓட்டிட்டேன், அவசரத்துல. வண்டியக் கொளுத்திடுவோம்னு சொல்லி அனுப்பி இருந்தானுங்க. கொளுத்திட்டா இவள எதுல கொண்டு போவேன்? நூத்தி எம்பது தப்படி தள்ளினா மிச்சம் பன்னெண்டு கிலோமீட்டரு ஓட்டலாம். அப்பிடித்தான் கணக்குப் போட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. எனக்குக் கோபம் குறையவில்லை, யார் மேல் என்பதுதான் மாறியது.

இப்போதெல்லாம் காலனிப் பையன்கள் பல்சரில் அந்தத் தெருவில் பறக்கிறார்கள். நானே ஸ்கூட்டியில் போய்வருகிறேன். ஊர்க்காரர்கள் முறைப்பார்கள், கேட்க மாட்டார்கள். அப்பா மட்டும் இன்றுவரை டீக்கடை முனையில் என்ஜினை அணைத்துவிடுவார். யாரும் சொல்வதில்லை. அவர் கை தானாகச் சாவிக்குப் போய்விடும். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "பழகிப்போச்சி, வுடு" என்பார்.

அவர் எழுந்து யெஸ்டியின் மேல் கிடந்த சாக்கை எடுத்தார். "நான் ஒதைக்கிறேன், நீ வீடியோ எடு. லீக்கு எங்க இருக்குன்னு பாக்கட்டும்."

அம்மா எழுந்தாள். "வூட்டு வாசல்ல ஒதைச்சிக் காட்டி இன்னா ஆவப்போவுது? என்ன ஏத்திக்கினு போ. அந்த நூத்தி எம்பது தப்படியும் உக்கார வெச்சிக் கூட்டிக்கினு போ. அத எடுக்கட்டும் அவ."

அப்பா அவளைப் பார்த்தார். சாக்கை மடித்து வைத்தார். சாப்பிட்டு முடித்து, வெயில் தாழ்ந்ததும் அம்மா உள்ளே போய் பூசைக்குக் கட்டியிருந்த புடவையையே மறுபடி கட்டிக்கொண்டு வந்தாள்.

நான் ஸ்கூட்டியில் முன்னால் போய், துரைக்கண்ணு வீட்டு இரும்பு கேட்டுக்கு எதிரில் நின்றேன். குடும்பம் விழுப்புரத்துக்குப் போய்விட்டதால் கேட் பூட்டியிருந்தது. படம் எடுத்தவர் நின்ற இடம் ஏறக்குறைய இதுதான். மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ராஜாமணி, "இன்னா, யார எடுக்கற?" என்றார். "எங்கப்பாவ" என்றேன். டீக்கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

யெஸ்டியின் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிட்டது. இரண்டு சைலன்சர், கணீரென்று வரும். போன் திரையில் பச்சை டேங்க் தெரிந்தது, அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது, அவர் தோளுக்குப் பின்னால் அம்மா. டீக்கடை முனைக்கு வந்தது. சத்தம் நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் கை சாவியின் மேல் இருந்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அம்மா இறங்குவதற்காகக் காத்திருந்தார். அம்மா இறங்கவில்லை. நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் ஒருவர் கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் திரையின் மேல்பக்கத்தில் ஒரு செய்தி வந்து இறங்கியது. 'இந்த வாரப் புதிர். சரியான விடை: கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ. வெற்றியாளர்: வெனிலா யெஸ்டி. வாழ்த்துகள் சிஸ்டர்!'

அதைத் தள்ளிவிட என் கை போகவில்லை. அந்த எழுத்துக்குக் கீழே அப்பா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கேரியரைப் பிடித்திருந்த கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள். அப்பா குனிந்து, கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினார். யெஸ்டியில் அதுதான் கிக்கர். செருப்பைச் சரிசெய்துகொண்டு அதன் மேல் காலை வைத்தார்.

ஒரே உதை.